பதினொன்றரை மணித் தலைவலி: பசியால் வரும் வலிக்கு ஒரு வழிகாட்டி

எனக்கு 26 வயது இருக்கும்போது ஒரு ஹார்டுவேர் மொத்தக் கடைக்கு ஆர்டர் எடுக்கும் வேலை. காலை எட்டரைக்கு வண்டியை எடுத்தால் மதியம் மூன்று மணி வரை கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். தினமும் பதினொன்றரை வாக்கில் நெற்றியைச் சுற்றி ஈரத்துணியை முறுக்கிக் கட்டியதுபோல ஒரு இறுக்கம் வரும். வெயிலாக இருக்கும் என்று தொப்பி வாங்கினேன். ஹெல்மெட்தான் காரணம் என்று அதையும் மாற்றினேன். கண்ணாடிக் கடையில் “லேசா பவர் இருக்கு சார்” என்று ஒரு கண்ணாடியைத் தலையில் கட்டினார்கள். வலி மட்டும் நேரம் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

கடைசியில் அரசு மருத்துவமனையில் வரிசையில் நின்று ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். அதுவரை எல்லோரும் “எங்கே வலிக்குது?” என்றுதான் கேட்டிருந்தார்கள். அவர் “எத்தனை மணிக்கு வலிக்குது?” என்று கேட்டார். சொன்னேன்.

“ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?”

“எட்டரைக்கு.”

“காலையில?”

“ஒரு டீ மட்டும் மேடம்.”

விரல் விட்டு எண்ணினார். “பதினஞ்சு மணி நேரம் பட்டினி கிடக்கீங்க. அதுவும் தினமும். தலை வலிக்காம என்ன செய்யும்?”

நான் விரதம் இருக்கிற ஆளே இல்லை. எனக்குத் தெரியாமல் தினமும் ஏகாதசி நடந்துகொண்டிருந்திருக்கிறது.

பசித்தால் தலை வலிக்கிறதோ என்ற சந்தேகம் இப்போதுதான் வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. பல வருடம் வலித்து, கேட்டு, படித்து, செய்து பார்த்துத் தெரிந்துகொண்டவன். எங்கே டாக்டரிடம் போக வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்லியிருக்கிறேன். அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

வலியின் அடையாளம்

பசித் தலைவலி பெரும்பாலும் ஒரு பக்கமாக வராது. நெற்றி முழுக்க, இல்லையென்றால் தலை முழுக்கப் பரவியிருக்கும். விண்விண்ணென்று தெறிக்காது, அழுத்தும். வேலையைச் செய்துவிட முடியும். ஆனால் யாராவது சும்மா கூப்பிட்டாலும் எரிந்து விழத் தோன்றும். கூடவே கொஞ்சம் கிறுகிறுப்பு, கவனம் நிற்காமை, கொட்டாவி. சாப்பிட்டால் தணியும். உலகம் முழுக்க டாக்டர்கள் பயன்படுத்தும் பன்னாட்டுத் தலைவலிச் சங்கத்தின் வகைப்பாட்டில் (மூன்றாம் பதிப்பு, 2018) இந்த வலிக்குத் தனி இடமே இருக்கிறது: குறைந்தது 8 மணி நேரம் சாப்பிடாமல் இருக்கும்போது தொடங்கி, சாப்பிட்ட பிறகு நன்றாகக் குறையும் வலி.

எட்டு மணி நேரம் என்றதும் “நான் அவ்வளவு நேரம் பட்டினி கிடப்பதில்லையே” என்று தோன்றும். தூங்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். இரவு ஒன்பதுக்குச் சாப்பிட்டுக் காலை ஆறுக்கு எழுந்தால் அப்போதே ஒன்பது மணி நேரம் முடிந்துவிட்டது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கோ அத்தனை நேரம்கூட வேண்டாம். மதியச் சாப்பாடு ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போனாலே கிளம்பிவிடும்.

வயிறு காய்ந்தால் தலைக்கு என்ன வந்தது

மூளையின் எடை உடல் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம்தான். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் அதற்கு வேண்டும். நாம் தூங்கும்போது கல்லீரல்தான் தன் சேமிப்பிலிருந்து படியளக்கிறது. அந்தச் சேமிப்பு மொத்தமே சுமார் 100 கிராம். விடிந்த பிறகும் நாம் ஒன்றும் போடாவிட்டால், அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்களை உடம்பு கூடுதலாகச் சுரந்து நிலைமையைச் சமாளிக்கிறது. பசியில் வரும் படபடப்பும் கைநடுக்கமும் பெரும்பாலும் அந்தச் சமாளிப்பின் அடையாளங்கள்.

“சுகர் இறங்கிடுச்சு, அதான் தலைவலி” என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். அது பாதி உண்மை. சர்க்கரை நோய் இல்லாதவர்களில் பலருக்குப் பசித் தலைவலி இருக்கும்போது சோதித்துப் பார்த்தால் ரத்தச் சர்க்கரை சரியான அளவிலேயே இருக்கும். ஆகவே வலி வந்ததும் ஒரு கைப்பிடிச் சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்வது இதற்கு மருந்தில்லை.

இஸ்ரேலில் நடந்து 1995-இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு நிறையப் புரியவைத்தது. யூதர்கள் யோம் கிப்பூர் நாளில் ஏறக்குறைய 25 மணி நேரம் உணவும் தண்ணீரும் இல்லாமல் நோன்பிருப்பார்கள். ஒரு மருத்துவமனை ஊழியர்களிடம் விசாரித்தபோது, நோன்பிருந்தவர்களில் 39 சதவீதம் பேருக்குத் தலைவலி வந்திருந்தது. இருக்காதவர்களில் 7 சதவீதம். நேரம் ஆக ஆக வலி வரும் வாய்ப்பு கூடியது. ஏற்கெனவே அடிக்கடி தலைவலி வருகிறவர்களுக்கு இன்னும் கூடுதல். இங்கே கவனிக்க வேண்டியது இன்னொன்று: அந்த 39-க்கு வெளியே இருந்தவர்கள்தான் அதிகம். ஒரே பட்டினி ஒருவருக்கு வலியைத் தரும், பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் செய்யாது. “நானெல்லாம் மதியம் வரைக்கும் ஒண்ணும் சாப்பிடமாட்டேன், எனக்கு வரலியே” என்று சொல்லும் நண்பரோடு வாதாடாதீர்கள். அவர் தலை வேறு, உங்கள் தலை வேறு.

முதல் படி: பத்து நாள் எழுதுங்கள்

மாத்திரைக்கும் ஸ்கேனுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. செயலி எதுவும் வேண்டாம். வீட்டில் தினசரிக் காலண்டர் இருந்தால் கிழிக்கும் தாளின் பின்பக்கமே போதும். (பின்னால் பாட்டி வைத்தியக் குறிப்பு அச்சடித்திருந்தால் ஓரத்தில் எழுதுங்கள்.) ஐந்தே விஷயம்: நேற்று இரவு கடைசியாகச் சாப்பிட்ட நேரம், தூங்கிய நேரம், காபி டீ குடித்த நேரம், தண்ணீர் எவ்வளவு, வலி எப்போது வந்து எப்போது போனது. என் தாள் ஒன்று இப்படி இருந்தது:

“செவ்வாய். ராத்திரி 9.15 தோசை 3. தூக்கம் 12 – 6. காலை 7 டீ. 10 டீ. தண்ணீர் அரை பாட்டில். 11.20 வலி. 12.45 தயிர் சாதம். 1.30-க்கு இல்லை.”

பத்துத் தாளையும் தரையில் பரப்பிப் பார்த்தேன். வலி வந்த நாட்களில் எல்லாம் கடைசிச் சாப்பாட்டுக்கும் வலிக்கும் இடையில் 14 மணி நேரத்துக்கு மேல். வீட்டில் ஒன்பது மணிக்கு இட்லி சாப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயிலில் கிரிக்கெட் ஆடியும் வலி இல்லை. அப்போதுதான் வெயிலை விடுதலை செய்தேன்.

உங்கள் தாள்கள் வேறு கதை சொல்லலாம். சாப்பிட்ட நேரத்துக்கும் வலிக்கும் சம்பந்தமே இல்லாமல், வெளியே அலைந்த நாட்களின் மாலையில் மட்டும் வலிக்கிறதென்றால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். எழும்போதே தலை கனக்கிறது, இரவில் பலமாகக் குறட்டையும் விடுகிறீர்கள் என்றால் அது தூக்கத்தில் மூச்சு தடைபடுவதால் வருவதாக இருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள். லீவு நாளில் தாமதமாக எழுந்த காலையில் வலிக்கிறதா? காபி.

காபியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். ஏனென்றால் நம் ஊரில் பசித் தலைவலி என்று பெயர் வாங்கும் வலியில் ஒரு பகுதி, காபி கிடைக்காத வலி.

இரண்டாம் படி: காபி வலியைப் பிரித்தெடுங்கள்

எங்கள் அம்மாவுக்கு வெள்ளிக்கிழமைதோறும் தலை வலிக்கும். தலைக்குக் குளித்ததால் நீர் கோத்துக்கொண்டது என்பதுதான் வீட்டின் தீர்ப்பு. சாம்பிராணிப் புகை, சுக்குப் பற்று, ஆவி பிடிப்பது எல்லாம் நடக்கும். நான் தாள் எழுத ஆரம்பித்த சமயம் அவருடைய வெள்ளிக்கிழமையையும் எழுதிப் பார்த்தேன். மற்ற நாட்களில் ஐந்தரைக்கே ஒரு தம்ளர் காபி. வெள்ளியன்று குளித்து, கோலம் போட்டு, விளக்கேற்றி, பூஜை முடிந்து, எங்களுக்கெல்லாம் பரிமாறிவிட்டு அவர் வாயில் ஏதாவது படும்போது மணி பதினொன்று. முந்தைய காபி வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு. 19 மணி நேரம்.

காஃபீன் வழக்கமாக உள்ளே போகிறவர்களுக்கு, நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். தினமும் 200 மில்லிகிராமுக்கு மேல், அதாவது கெட்டியான டிகாஷன் காபி இரண்டு மூன்று தம்ளர் அளவுக்கு, இரண்டு வாரத்துக்கு மேல் குடித்து வருகிறவர்களைப் பற்றித்தான் மருத்துவ விளக்கம் பேசுகிறது. அதைவிடக் குறைவாகக் குடிப்பவர்களுக்கும் வருவதுண்டு. சோதித்துப் பார்ப்பது சுலபம். ஒரு தம்ளர் காபி குடித்து ஒரு மணி நேரத்துக்குள், சாப்பாடு இல்லாமலே வலி போய்விட்டால் அது காபி வலி. காபி குடித்தும் போகாமல் சாப்பிட்ட பிறகு போனால் பசி வலி. அம்மாவுக்கு இரண்டும் பின்னிக்கொண்டிருந்தன.

அம்மாவிடம் பூஜையை மாற்றச் சொல்ல முடியுமா? விளக்கேற்றியதும் முதலில் ஒரு பால் நைவேத்தியம், அந்தப் பாலில் டிகாஷன் கலந்து ஏழு மணிக்கு அவருக்குக் காபி, வெல்லம் போட்ட அவல் ஒரு கிண்ணம், அப்புறம் மற்ற பூஜை என்று அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். சாம்பிராணி இப்போது மணத்துக்கு மட்டும்.

காபியைக் குறைக்க நினைப்பவர்கள் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். அடியோடு விட்டால் வலி ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும் என்பது உண்மைதான், ஆனால் அந்த வாரம் உங்களோடு யாரும் பேச முடியாது. மூன்று நாளைக்கு ஒரு முறை அரைத் தம்ளராகக் குறைத்து வாருங்கள். சிக்கரியில் காஃபீன் கிடையாது. தூளில் சிக்கரி விகிதத்தைக் கூட்டுவதும் ஒரு வழி. காபிப் பிரியர்கள் என்னை மன்னிக்க.

டீயில் காஃபீன் குறைவு. ஆனால் அது வேறு ஒரு வேலை செய்கிறது: பசியை அமுக்குகிறது. பத்து மணிக்கு ஒரு டீ குடித்தால் வயிறு அரை மணி நேரம் வாயை மூடிக்கொள்ளும். சர்க்கரையும் பாலும் கொஞ்சம் இருப்பதால் தெம்பாகவும் இருக்கும். பதினொன்றரைக்கு எல்லாம் சேர்த்து வட்டியோடு வரும். நான் ஏமாந்தது இங்கேதான்.

வலி வந்துவிட்டது, இப்போது என்ன?

எங்கே இருந்தாலும் முதலில் ஒரு தம்ளர், முடிந்தால் இரண்டு தம்ளர் தண்ணீர். அவசரமாக மடக்கென்று வேண்டாம், உட்கார்ந்து குடியுங்கள். அடுத்த ஐந்து பத்து நிமிடத்தில் கையில் கிடைப்பதில் சிறிதாக ஏதாவது: ஒரு வாழைப்பழம், ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை, இரண்டு கடலை மிட்டாய், ஒரு தம்ளர் மோரோடு ஏதாவது. பெட்டிக்கடையில் பிஸ்கட்தான் இருக்கிறதென்றால் அதுவும் சரி, ஆனால் அதோடு நிறுத்திவிடக் கூடாது. அரை மணி முக்கால் மணி நேரத்துக்குள் ஒழுங்கான சாப்பாடு சாப்பிடுங்கள். பெரும்பாலும் சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் தலை லேசாகும். நீண்ட பட்டினி என்றால் இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். கபகபவென்று பசிக்கிறதே என்று முழுத் தட்டு பிரியாணியை உள்ளே தள்ளினால் தலைவலி போய் வயிற்று உப்புசமும் தூக்கமும் வரும்.

தைலம் தேய்க்கலாம், கெடுதல் இல்லை. பொட்டில் தேய்க்கும்போது கிடைக்கும் அந்த ஐந்து நிமிட ஓய்வே பாதி மருந்து.

மாத்திரைதான் விவகாரம். மெடிக்கலில் “தலைவலிக்கு ஒண்ணு கொடுங்க” என்று கேட்டு வாங்கி வெறும் வயிற்றில் விழுங்குவது என் ஒரு வருடப் பழக்கம். பரிசாகக் கிடைத்தது நெஞ்செரிச்சலும் மேல்வயிற்று வலியும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் வயிற்றின் உட்படலத்தைப் பாதிக்கும். அடிக்கடி போட்டால் புண் வரை போகும். பாரசிட்டமால் வயிற்றுக்கு அவ்வளவு தொந்தரவு தராது, ஆனால் அட்டையில் சொன்ன அளவைத் தாண்டினால் கல்லீரலுக்கு ஆபத்து, சரியாகச் சாப்பிடாமல் கிடப்பவர்களுக்கு இன்னும் கூடுதலாக. சில தலைவலி மாத்திரைகளில் காஃபீனும் கலந்திருக்கிறது. உங்களுக்குத் தெரியாமலே இன்னொரு காபி.

பசி வலிக்கு முதலில் சாப்பாடு. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியும் போகாவிட்டால் அப்போது மாத்திரையைப் பற்றி யோசிக்கலாம். ஒரு கணக்கை மட்டும் மனதில் வையுங்கள்: சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கலப்பு மாத்திரையை (ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து சேர்ந்தது) 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டு வந்தால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவர ஆரம்பித்துவிடும்.

மூன்றாம் படி: இரவு இடைவெளியைச் சுருக்குங்கள்

முழு விஷயத்திலும் பலன் அதிகம் தந்தது இதுதான். நான் முன்பைவிட அதிகமாகச் சாப்பிடவில்லை. நேரத்தை மட்டும் மாற்றினேன். எழுந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் ஏதாவது திடமாக உள்ளே போக வேண்டும்; அதன்பிறகு விழித்திருக்கும் நேரத்தில் நாலு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. இந்த நாலு மணி நேரம் என் தாள்களிலிருந்து வந்த கணக்கு. உங்களுக்கு ஐந்து வரை தாங்கலாம், மூன்றரையே எல்லையாகவும் இருக்கலாம்.

எதைச் சாப்பிடுகிறோம் என்பதும் பங்கு வகிக்கும். வெறும் மாவுச்சத்தும் சர்க்கரையும் சீக்கிரம் செரித்து மறுபடி பசியைக் கூட்டிவரும். ஜாம் தடவிய ரொட்டி இரண்டு சாப்பிட்டுப் பாருங்கள், பத்து மணிக்கே வயிறு கூப்பிடும். பருப்பு, முட்டை, கடலை, தயிர், நார்ச்சத்து சேர்ந்தால் மெதுவாகச் செரிக்கும். இட்லி சாப்பிடுங்கள், சட்னியோடு நிறுத்தாமல் பருப்பு அதிகமாகப் போட்ட சாம்பாரை ஊற்றிக்கொள்ளுங்கள். வெண்பொங்கலில் பருப்பு ஏற்கெனவே இருக்கிறது. கேழ்வரகுக் கூழும் மோரும், கூடவே வறுத்த கடலை. பழைய சோற்றில் தயிர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயமும் ஒரு அவித்த முட்டையும். தண்ணீரும் உப்பும் சேர்ந்து போவதால் தலைவலிக்காரர்களுக்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல காலை உணவில்லை.

மேன்ஷனிலோ ஹாஸ்டலிலோ தனியாக இருப்பவர்களுக்கு அடுப்பே இல்லாத வழி: கெட்டி அவலை இரவே கழுவித் தண்ணீர் தெளித்து மூடிவையுங்கள். காலையில் தயிரோ வாழைப்பழமோ பிசைந்து, ஒரு கைப்பிடி வேர்க்கடலை போட்டால் ஐந்து நிமிடம். முளைகட்டிய பயறும் அப்படித்தான்.

“காலையில் சாப்பாடு இறங்கவே இறங்காது” என்பவர்கள் பலர். நானும் அந்தக் கட்சிதான். இரவுச் சாப்பாடு பத்தரைக்கு, அதுவும் பரோட்டா என்றால் காலையில் எப்படி இறங்கும்? இரவை எட்டுக்கு இழுத்து, அளவைக் கொஞ்சம் குறைத்தால் நாலைந்து நாளில் காலைப் பசி தானே வரும். அதுவரை ஒரு டப்பாவில் கட்டிக்கொண்டு போய் ஒன்பதரைக்குச் சாப்பிடலாம்.

பையில் எப்போதும் ஏதாவது இருக்கட்டும். கெடாதது, கையில் ஒட்டாதது, நொறுங்காதது என்று பார்த்தால் கடலை மிட்டாயை அடிக்க ஆளில்லை. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நான் அதைத் தனிப்பட்ட வெற்றியாகவே கொண்டாடினேன். வெல்லம் உடனே தெம்பு தரும், கடலை தாக்குப் பிடிக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வறுத்த கொண்டைக்கடலையோ வேர்க்கடலையோ வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் இதைவிடக் கவனம் வேண்டும். சின்னப் பிள்ளைக்குப் “பசிக்குது” என்றும் “தலை வலிக்குது” என்றும் பிரித்துச் சொல்லத் தெரியாது. இரண்டாவது பீரியடில் மேஜையில் தலை கவிழ்த்துப் படுக்கும் பிள்ளையிடம் வாத்தியார் முதலில் கேட்க வேண்டிய கேள்வி காலையில் என்ன சாப்பிட்டாய் என்பதுதான். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பு தொடங்கும் முன்னால் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாகக் கொடுக்கிறது. மறு ஆண்டு மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. அரசியலில் ஆயிரம் பேசலாம்; காலைச் சாப்பாடு மதியச் சாப்பாட்டைவிடக் குறைந்ததில்லை என்பதை யாரோ புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

இரவுப் பணிக்காரர்கள் கடிகாரத்தைத் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும். பணிக்குப் போகும் முன் முழுச் சாப்பாடு, நடுராத்திரி ஒன்று இரண்டு மணிக்கு லேசான உணவு, வீடு திரும்பி ஏதாவது சாப்பிட்டுவிட்டுத் தூக்கம். வெறும் டீயில் இரவை ஓட்டினால் காலை நாலரை மணித் தலைவலி நிச்சயம்.

விரதமும் நோன்பும்

விரதத்தை விடச் சொல்ல எனக்கு அதிகாரமும் இல்லை, விருப்பமும் இல்லை. வலி இல்லாமல் இருக்க வழி உண்டு.

கிருத்திகை, ஏகாதசி, கந்த சஷ்டி விரதங்களில் பெரும்பாலான வீடுகளில் தண்ணீர், பால், பழம், இளநீர் அனுமதி உண்டு. அதைப் பயன்படுத்துங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை கொஞ்சமாக எடுத்துக்கொண்டாலே பாதி வலி வராது. தண்ணீர்கூட இல்லாமல் இருப்பதுதான் பக்தி என்று உங்கள் வீட்டு வழக்கம் இருந்தால், முந்தைய நாள் நன்றாகத் தண்ணீர் குடித்து, உப்பு அதிகமான ஊறுகாய் அப்பளத்தைத் தவிர்த்து, வெயிலில் கோயில் சுற்றுவதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

ரமலானில் நிலைமை வேறு. பகலில் தண்ணீரும் இல்லை. முதல் நாள் மாலை தலை வலிப்பது பலருக்கும் தெரிந்த அனுபவம், அதில் காபி டீ நின்றுபோனதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதனால் நோன்பு தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே பகல் டீயைக் குறைத்து, மிச்சத்தை அதிகாலைக்கும் இரவுக்கும் நகர்த்துங்கள். விடியலுக்கு முந்தைய சாப்பாடான சஹரைத் தூக்கக் கலக்கத்தில் விட்டுவிடாதீர்கள். நேரம் முடிவதற்குச் சற்று முன்பாக, முட்டை, பருப்பு, தயிர் இருக்கும்படி சாப்பிடுங்கள். நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழமும் தண்ணீரும், அப்புறம் நம் பள்ளிவாசல்களின் நோன்புக் கஞ்சி. அரிசி, பருப்பு, வெந்தயம், சூடான நீர் எல்லாம் ஒரே கிண்ணத்தில். பட்டினி கிடந்த தலைக்கு யாரோ யோசித்துச் சமைத்ததுபோலவே இருக்கும். சமோசாவும் வடையும் பத்து நிமிடம் காத்திருக்கட்டும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எந்த விரதத்துக்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரை அளவையும் நேரத்தையும் அவர்தான் மாற்ற வேண்டும்.

இது பசி வலி இல்லை என்று எப்போது சொல்வது

ஒரு பக்கமாகத் துடிதுடித்து, வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல், குமட்டலோடு மணிக்கணக்கில் நீடித்தால் அது ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம். அதற்கும் சாப்பாட்டைத் தவறவிடுவது பெரிய தூண்டுதல்தான். ஆனால் இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஒற்றைத் தலைவலி தொடங்குவதற்குச் சில மணி நேரமோ ஒரு நாளோ முன்பே சிலருக்குக் கொட்டாவி, இனிப்பு மேல் ஆசை, அடங்காத பசி வரும். அவர்கள் “பசிச்சுது, அப்புறம் வலிச்சுது” என்று எழுதுவார்கள். உண்மையில் அந்தப் பசியே வலியின் முதல் கட்டம். தாளில் சாப்பிட்ட நேரமெல்லாம் சரியாக இருந்தும் இப்படி வருகிறதென்றால் அதற்கென்று தனி மருந்துகள் இருக்கின்றன, டாக்டரைப் பாருங்கள்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குப் பசியோடு தலைவலி, வியர்வை, நடுக்கம், குழப்பம் வந்தால் அது தாழ்சர்க்கரை. நான் மேலே “பாதி உண்மை” என்று சொன்னது இவர்களுக்குப் பொருந்தாது. கருவி இருந்தால் சோதியுங்கள். ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் (ஒரு டெசிலிட்டருக்கு) என்றாலோ, கருவி இல்லையென்றால் சோதிக்காமலேயோ, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். சரியாகாவிட்டால் இன்னொரு முறை. சரியானதும் சாப்பாடு. நினைவில்லாமல் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். காலையில் எழும்போது தலைவலியும், இரவு வியர்த்து உடை நனைந்திருப்பதும் சேர்ந்து வந்தால், தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கியிருக்கலாம். அடுத்த முறை பார்க்கும்போது டாக்டரிடம் இதைச் சொல்ல மறக்காதீர்கள்.

கீழே உள்ளவை எதுவும் பசி இல்லை. சாப்பிட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்கவும் கூடாது: இடி விழுந்ததுபோல நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைத்துப்போவது, முகம் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கக் கை கால் மரத்துப்போவது, பார்வை மங்குவது, வலிப்பு, தலையில் அடிபட்ட பிறகு வரும் வலி, கர்ப்பிணிக்கு வரும் கடுமையான தலைவலி. உடனே மருத்துவமனை. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு முதன்முறையாகத் தொடங்கும் தலைவலியையும், வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போகும் வலியையும் அவசரப் பிரிவு வேண்டாம் என்றாலும் தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள்.

இந்த அவசரம் எதுவும் இல்லை, இடைவெளியைச் சுருக்கி, தண்ணீர் குடித்து, காபியை ஒழுங்குபடுத்தி மூன்று வாரம் ஆயிற்று, வலி மட்டும் போகவில்லை என்றால் சாதாரணமாக ஒரு நாள் ஓ.பி. சீட்டு போட்டுக்கொள்ளுங்கள். போகும்போது அந்தக் காலண்டர் தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள். “எத்தனை மணிக்கு வலிக்குது?” என்று கேட்கும் டாக்டர் கிடைத்தால் நீட்டலாம். கேட்காவிட்டாலும் நீட்டுங்கள்.